மூத்தவன், நடுவுலவள், கடைக்குட்டி: பிறந்த வரிசை பற்றி மும்பைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அடுத்த வாரத்திலிருந்து இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் தாராவியில் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் மூன்று நான்கு பேர் உட்காருவோம். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஐ.டி.ஐ. சேர்க்கலாமா, காமர்ஸ் எடுக்கலாமா, ஃபார்மை எப்படி நிரப்புவது என்று கேட்கத்தான் வருவது. ஆனால் மார்க் ஷீட்டை நீட்டுவதற்கு முன்பே முக்கால்வாசிப் பேர் வாயில் வருவது இதுதான்: "டீச்சர், இவன் மூத்தவன்." இல்லையென்றால், "இது கடைக்குட்டி, விளையாட்டுப் பிள்ளை."

மார்க்கைப் பார்ப்பதற்குள்ளேயே பிள்ளையின் பாதி எதிர்காலத்தை அந்த ஒரு வார்த்தையில் முடிவு செய்துவிடுகிறார்கள். அது எனக்கு மனசு கேட்கவில்லை. இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அடிக்கடி வரும் சந்தேகங்களையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பிறந்த வரிசைன்னா எத்தனாவது புள்ளைங்கறதுதானே? இதுல என்ன பெரிய கணக்கு?

பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். முதல் பிள்ளை பிறந்து தவறிப்போயிருந்தால் இரண்டாவதுதான் அந்த வீட்டில் மூத்ததாக வளரும். மூத்தவனை ஊரில் ஆச்சியிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு மும்பை வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, ரேஷன் கடை வரிசையில் நின்று, ஆஸ்பத்திரியில் அம்மாவுக்காக இந்தி பேசி, மூத்த பிள்ளையாகவே ஆகிவிடுகிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் பத்து வருஷம் இடைவெளி என்றால் இரண்டு பேருமே ஏறக்குறைய ஒற்றைப் பிள்ளைகள் மாதிரிதான்.

ஆகவே எத்தனாவதாகப் பிறந்தான் என்பது ஒன்று, எத்தனாவதாக வளர்ந்தான் என்பது இன்னொன்று. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த வித்தியாசம் வேண்டியிருக்கும்.

இதெல்லாம் முதல்ல யார் சொன்னது? ஜோசியமா, சயின்ஸா?

ஜோசியம் இல்லை. 1874இல் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டன் என்பவர் அந்த நாட்டு விஞ்ஞானிகளைக் கணக்கெடுத்து, அவர்களில் மூத்த மகன்களும் ஒரே மகன்களும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று எழுதினார். அதற்கப்புறம் வியன்னாவில் ஆல்ஃபிரட் ஆட்லர் என்ற டாக்டர், இன்று எல்லோரும் சொல்லும் வடிவத்தை இதற்குக் கொடுத்தார். தம்பி தங்கை பிறந்ததும் மூத்த பிள்ளை சிம்மாசனத்திலிருந்து இறக்கப்படுகிறது, அந்த வலியில்தான் அதன் குணம் உருவாகிறது என்பது அவர் வாதம். இரண்டாவது பிள்ளை ஓடிப் பிடிக்கப் பார்க்கும், கடைசிப் பிள்ளை செல்லத்தில் வளரும் என்றார். ஆட்லரே தன் வீட்டில் இரண்டாவது பிள்ளை.

இதில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. எண் முக்கியமில்லை, அந்தப் பிள்ளை எந்தச் சூழ்நிலையில் பிறந்தது, அதை அது எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் முக்கியம் என்று ஆட்லரே சொல்லியிருக்கிறார். நம்மவர்களுக்கும் இதில் சொந்தச் சரக்கு உண்டு. மூத்தது மோழை, இளையது காளை என்பார்கள். அதே வாயால் மூத்தவன் பொறுப்பானவன் என்றும் சொல்வார்கள்.

மூத்தது பொறுப்பு, நடுவுலது ஏங்கும், கடைக்குட்டி கலகலப்பு. இது நிஜமா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

இல்லை. ஒரே வார்த்தையில் கேட்டால் அதுதான் பதில். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2015இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் 20,000 பேருக்கு மேல் எடுத்து ஒரு குழு பார்த்தது. கலகலப்பு, பொறுப்பு, இணக்கம், மனத்திடம், கற்பனை எதிலும் வரிசைக்கும் குணத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அதே வருடம் அமெரிக்காவில் 3 லட்சத்து 77 ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. அதில் கிடைத்த தொடர்பு சராசரியாக 0.02. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. 0.02 என்பது லட்சக்கணக்கான பேரை எடுத்தால்தான் கண்ணில் படும். உங்கள் வீட்டு இரண்டு பிள்ளைகளில் அதைப் பார்க்கவே முடியாது.

அப்ப நான் கண்ணால பாக்குறது பொய்யா? எங்க பெரியவ அவ்வளவு பொறுப்பு, சின்னவன் தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டான்.

நீங்கள் பார்ப்பது பொய்யில்லை. உங்கள் பெரியவளுக்கு வயது 16, சின்னவனுக்கு 11. பதினாறையும் பதினொன்றையும் பக்கத்தில் வைத்தால் பதினாறுதான் பொறுப்பாகத் தெரியும். அவள் 11 வயதில் எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருந்துகொண்டு பார்க்கிற யாருமே இரண்டு பிள்ளைகளை ஒரே வயதில் ஒரே நேரத்தில் பார்த்தது கிடையாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒருவன் நடந்துகொள்வதும் வெளியே நடந்துகொள்வதும் வேறு. அக்கா இருக்கிற வீட்டில் தட்டை எடுக்காதவன், ஸ்கூல் சாரணர் முகாமில் இருபது பேருக்குப் பரிமாறியதை நான் பார்த்திருக்கிறேன். ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1998இல் இதையே வலியுறுத்தினார். அண்ணன் தம்பிப் பழக்கம் வீட்டுக்குள்ளேதான், வாசலைத் தாண்டிவிட்டால் பிள்ளைகள் அதைக் கூடவே சுமந்துகொண்டு போவதில்லை என்றார். எங்கள் பள்ளி டீச்சர்கள் அறையில் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் நடத்தையை வைத்து அது எத்தனாவது பிள்ளை என்று எங்களில் யாராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

மூத்த புள்ளைங்களுக்குத்தான் மூளை ஜாஸ்தின்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே?

இதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. நார்வேயில் ராணுவச் சேர்ப்புக்கு வந்த சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் இளைஞர்களின் அறிவுத்திறன் சோதனையை 2007இல் ஆராய்ந்தார்கள். முதல் பிள்ளைகள் இரண்டாவது பிள்ளைகளைவிடச் சராசரியில் ஏறக்குறைய 2.3 புள்ளி மேலே இருந்தார்கள். முதல் கேள்வியில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது: இரண்டாவதாகப் பிறந்து, மூத்தவர் சின்ன வயதிலேயே இறந்துபோய், மூத்த பிள்ளையாக வளர்ந்தவர்களின் மதிப்பெண் முதல் பிள்ளைகளின் மதிப்பெண்ணையே ஒட்டி இருந்தது. ஆகவே காரணம் கர்ப்பத்தில் இல்லை, வளர்ப்பில்.

2.3 என்பது எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சோதனையின் சராசரி 100. ஒரே பிள்ளை இன்று ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை எழுதினாலே அதைவிட அதிகம் ஏறி இறங்கும். பத்து அண்ணன் தம்பி ஜோடிகளை எடுத்தால் ஏறக்குறைய நாலு ஜோடியில் இளையவர்தான் மேலே இருப்பார். இந்த வித்தியாசத்தை நம்பி ஒருத்தனைச் சயன்ஸுக்கும் இன்னொருத்தனைக் கடைக்கும் அனுப்புவது பெரிய அநியாயம்.

வளர்ப்புன்னு சொல்றீங்க. நாங்க ரெண்டையும் ஒரே மாதிரிதானே வளர்த்தோம்?

மனசு ஒன்றுதான். நேரம் ஒன்றாக இருக்காது. அமெரிக்காவில் 2008இல் வந்த ஓர் ஆய்வில், அதே வயதில் இரண்டாவது பிள்ளைக்குக் கிடைத்ததைவிட முதல் பிள்ளைக்குத் தினமும் 20 முதல் 30 நிமிடம் அதிகமாகப் பெற்றோரின் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவும் கூட உட்கார்ந்து பேசுகிற, படிக்கிற நேரம். பாரபட்சம் இல்லை இது. முதல் பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது வீட்டில் இருப்பது ஒன்றோ இரண்டோ, இரண்டாவதுக்கு ஐந்து வயதாகும்போது ஒரே பெற்றோரை எல்லாரும் பங்கு போடுகிறார்கள். மூத்தவனுக்கு அ, ஆ எழுதிக்காட்டிய அப்பா, சின்னவனுக்கு வரும்போது இரண்டு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம், சொல்லிக்கொடுக்கிறவருக்குத்தான் பாடம் நன்றாகப் படியும். மூத்த பிள்ளை தம்பிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது தானும் ஒரு தடவை படிக்கிறது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதை ஒரு காரணமாகச் சொன்னார். நல்ல செய்தி என்னவென்றால், இரண்டுமே உங்கள் கையில் இருக்கிறது. சின்னவனோடு தனியாக இருபது நிமிடம் உட்காரலாம். பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அவனைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம்.

பெரிய பெரிய ஆபீசர், விஞ்ஞானி எல்லாம் மூத்த பிள்ளைங்கதான்னு சொல்றாங்களே, அது?

இதில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. கால்டனே அதில் விழுந்தார் என்றுதான் நினைக்கிறேன். வசதியான பத்து வீடு, வீட்டுக்கு 2 பிள்ளை: 20 பிள்ளைகளில் 10 பேர் மூத்தவர்கள், பாதி. கஷ்டப்படுகிற பத்து வீடு, வீட்டுக்கு 5 பிள்ளை: 50 பேரில் 10 பேர்தான் மூத்தவர்கள், ஐந்தில் ஒன்று. இப்போது வசதியான வீட்டுப் பிள்ளைகளே ஆபீசர் ஆகிறார்கள் என்று வையுங்கள். ஆபீசர்களில் பாதிப்பேர் மூத்தவர்களாகத் தெரிவார்கள். காரணம் வரிசையா? வசதி.

1983இல் செசில் எர்ன்ஸ்ட், ஜூல்ஸ் ஆங்ஸ்ட் என்ற இரண்டு சுவிஸ் ஆராய்ச்சியாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து இதைத்தான் சொன்னார்கள். குடும்ப அளவையும் வசதியையும் கணக்கில் எடுக்காததால் வந்த மயக்கம்தான் பெரும்பாலானவை என்றார்கள்.

வெள்ளைக்காரன் வீட்டு ஆராய்ச்சி நம்ம வீட்டுக்குப் பொருந்துமா?

நியாயமான கேள்வி. குணத்தைப் பொறுத்தவரை, 2021இல் இந்தோனேசியாவில் செய்த ஆய்விலும் வரிசைக்கும் குணத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. படிப்பு விஷயத்தில்தான் நாட்டுக்கு நாடு கதை மாறுகிறது. நார்வேயில் மூத்த பிள்ளைகள் அதிகம் படிக்கிறார்கள். ஈக்வடாரின் ஏழைக் குடும்பங்களை 2014இல் ஆராய்ந்தபோது நேர் எதிர்: மூத்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள், இளையவர்கள் மேலே போயிருந்தார்கள்.

நம் நாட்டைப் பற்றி 2017இல் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதியது என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இந்தியக் குழந்தைகள் ஏன் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிடக் குள்ளமாக இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முதல் பிள்ளைகளிடம் இந்தியாவுக்கு அந்தக் குறையே இல்லை. இரண்டாவது பிள்ளையில் தொடங்குகிறது, மூன்றாவதில் இன்னும் கூடுகிறது. மூத்த மகன் மேல் வைக்கிற ஆசைதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். மகனுக்காக அடுத்தடுத்துப் பெறும்போது நடுவில் பிறக்கும் பெண் குழந்தைகளின் தட்டில்தான் குறைகிறது. வரிசை இங்கே உளவியல் சமாசாரமாக இல்லை, சோறாகவும் பாலாகவும் இருக்கிறது.

எங்க அப்பாதான் மூத்தவர். பத்தாவதோட வேலைக்கு வந்துட்டார். சித்தப்பாங்க எல்லாம் டிகிரி. மூத்தவங்களுக்கு மூளை அதிகம்னா இது எப்படி?

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் இருக்கும். என் அப்பா கதையும் இதுவே. 1962இல் பம்பாய் வந்தார். கையில் எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர். மாட்டுங்காவில் நாலு பேர் ஒரே அறை, மெஸ் சாப்பாடு, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மாதம் பிறந்தால் முதல் வேலை தபாலாபீஸ் போய் மணியார்டர் எழுதுவது. இரண்டு வருடத்தில் அடுத்த தம்பியைக் கூப்பிட்டு அதே அறையில் ஒரு பாய் போட்டுக் கொடுத்து, அதே மாதிரி ஒரு வேலையில் சேர்த்தார். மூன்றாவது தம்பிக்கு முறை வந்தபோது 1960களின் கடைசி. தென்னிந்தியர்களுக்கு எல்லா ஆபீஸ் வேலையும் போகிறது என்று நகரத்தில் எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. அப்பா பயந்தார். "நீ இங்க வராதே, அங்கேயே படி" என்று எழுதினார். அந்தச் சித்தப்பா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்தார்.

எங்கள் வீட்டில் இன்றுவரை அவர்தான் மூளைக்காரர். அப்பாவின் ஷார்ட்ஹேண்ட் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு அடித்தல் கிடையாது. பக்க ஓரங்களில் அவராகப் போட்டுப் பார்த்த கூட்டு வட்டிக் கணக்குகள் பென்சிலில் இருக்கின்றன, நாலு தசம இடம் வரைக்கும் சரியாக. அவரைக் காலேஜுக்கு அனுப்ப அவருக்கு மேலே ஓர் அண்ணன் இல்லை. வரிசை அவருடைய குணத்தை மாற்றவில்லை, எந்த வருடத்தில் எந்தச் சுமை யார் தோளில் விழும் என்பதைத்தான் தீர்மானித்தது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான்.

மூத்தது பொண்ணா இருந்தா?

அதே சுமை, ஆனால் மணியார்டர் ரசீது கிடையாது. யாரும் அதைத் தியாகம் என்று பேசவும் மாட்டார்கள்.

தாராவியில் இட்லி போட்டு சைக்கிளில் ஊர் முழுக்கக் கொண்டுபோய் விற்கிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு வீட்டுக்கு ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்குப் போயிருந்தேன். பத்தாவது படித்த மூத்த பெண் கொப்பரை மூடியைத் திறந்து ஆவிக்கு முகத்தைத் திருப்பி, தட்டை எடுத்துக் கவிழ்த்து, ஈரத்துணி மேல் தண்ணீர் தெளித்து, ஓர் இட்லிகூட உடையாமல் உரித்துப் பாத்திரத்தில் அடுக்கினாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தம்பி பரணில் தூக்கம். ஆறரைக்கு அப்பா சைக்கிளை எடுத்ததும் இவள் யூனிஃபார்ம் மாட்டினாள். மார்க் 71 சதவீதம். "அவ பொறுப்பான பொண்ணு டீச்சர், வீட்டோட இருந்து பாத்துக்குவா" என்றார் அம்மா, பெருமையாகத்தான்.

நாங்கள் மூன்று ஞாயிறு பேசினோம். அவள் பதினொன்றாம் வகுப்பு காமர்ஸ் சேர்ந்தாள், காலை ஷிஃப்ட். இட்லித் தட்டு 14 வயதுத் தம்பி கைக்கு வந்தது. முதல் வாரம் நிறைய உடைந்ததாம். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்த அம்மா சொன்னார்: "சின்னவனுக்கு இப்பப் பொறுப்பு வந்துட்டு டீச்சர்." பிறந்த வரிசை மாறவில்லை. தட்டைப் பிடிக்கும் கைதான் மாறியது. அவன் படிப்பையும் அந்தத் தட்டு பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதையும் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நடுப்புள்ளைய யாரும் கவனிக்கிறதில்ல, அதனாலதான் அது முரடா இருக்குன்னு எங்க மாமியார் சொல்றாங்க.

குணத்தைப் பற்றி மூன்றாவது பதிலில் சொன்னதே இதற்கும். நடுப்பிள்ளைக்கென்று தனிக் குணம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் கவனிப்பு குறைகிறது என்று உங்கள் மாமியார் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். அண்ணனுக்கு பன்னிரண்டாம் வகுப்பு, தங்கைக்கு முதல் வகுப்பு என்கிற வருடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே போட்டுக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு ஒத்தைப் புள்ளைதான். தனியா வளர்ந்தா சுயநலமா ஆயிடுமாமே?

ஆகாது. ஒற்றைப் பிள்ளையாக இருப்பதே ஒரு வியாதி என்கிற அளவுக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் பேசினார்கள். டோனி ஃபால்போ என்ற ஆராய்ச்சியாளர் 1986இல் சக ஆய்வாளரோடு சேர்ந்து 115 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஒற்றைப் பிள்ளைகள் குணத்தில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை, படிப்பு ஆர்வத்தில் மூத்த பிள்ளைகளோடு சமமாக நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

எனக்கு இங்கே வேறொரு கவலை. ஒற்றைப் பிள்ளைக்கு மூத்தவனின் கடமையும் கடைக்குட்டியின் செல்லமும் சேர்ந்து விழுகிறது. "எங்களுக்கு நீ ஒருத்திதானே" என்பது அன்பாகச் சொல்கிற வார்த்தைதான். தினமும் கேட்டால் பதினைந்து வயதுக்கு அது பாரம். வெளியூர் காலேஜ் கிடைத்தும் அந்த ஒரு வார்த்தைக்காகப் போகாமல் இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

ரெட்டைப் பிள்ளைங்கன்னா யார் மூத்தது?

பத்து நிமிட வித்தியாசத்துக்கு ஆராய்ச்சியில் எந்த மதிப்பும் இல்லை. நீங்கள் ஒன்றை "அண்ணன்" என்று கூப்பிட்டு வளர்த்தால் அது அண்ணனாகிவிடும், அவ்வளவுதான்.

கடைக்குட்டி துணிஞ்சவன், அவனுக்குத் தொழில்தான் சரின்னு அவங்கப்பா சொல்றார். மூத்தவனுக்கு கவர்மெண்ட் வேலையாம்.

இளையவர்கள்தான் கலகக்காரர்கள், துணிந்து இறங்குபவர்கள் என்று ஃபிராங்க் சல்லோவே என்ற அமெரிக்கர் 1996இல் பெரிய வாதம் வைத்தார். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2019இல் ஒரு குழு துணிச்சலை மூன்று வழியில் சோதித்தது: கேள்வி கேட்டு, விளையாட்டு வைத்து, அப்புறம் நாடுகாண் பயணிகள், புரட்சிக்காரர்கள் வரலாற்றை எடுத்து. மூன்றிலும் இளையவர்களுக்குத் தனித் துணிச்சல் கிடைக்கவில்லை.

ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஸ்வீடனில் 2018இல் வெளியான ஆய்வில், மூத்த மகன்கள் மேனேஜர் பதவிகளுக்கு அதிகம் போகிறார்கள், இளையவர்கள் சொந்தத் தொழிலுக்கு அதிகம் போகிறார்கள் என்று வந்தது. ராணுவச் சேர்ப்பின்போது உளவியலாளர் நேரில் பேசிப் போட்ட மதிப்பெண்ணிலும் மூத்தவர்கள் சற்று மேலே. மூன்றாவது பதிலுக்கு இது முரணாகத் தெரியும். நான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் விதம் இது: முதல் ஆய்வுகளில் ஆட்களே தங்களைப் பற்றிச் சொன்னார்கள், இங்கே 18 வயதுப் பையனை ஒரு பெரியவர் எடைபோட்டார். வீட்டில் கூடுதலாகக் கிடைத்த பேச்சும் கவனிப்பும் பெரியவர்கள் முன்னால் உட்காரும்போது உதவியிருக்கலாம். உங்கள் கடைக்குட்டியை இன்று முதல் பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், அவன் கருத்தையும் கேளுங்கள். தொழிலா வேலையா என்பதை அதற்கப்புறம் அவனே சொல்லட்டும்.

இண்டர்வியூல கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னு கேக்குறாங்க. மூத்தவன்னு சொன்னா நல்லதா?

கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "வீட்டுக் கணக்கை மூன்று வருடமாக நான்தான் பார்க்கிறேன்" என்று நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். அதைக் கடைக்குட்டியும் சொல்லலாம்.

தலைச்சனுக்குத் தலைச்சன் கட்டக்கூடாதுன்னு எங்க அத்தை நிக்கிறாங்க. ரெண்டு பேரும் மூத்தவங்கன்னா ஒத்துப்போகாதாமே?

வழக்கத்தில் இருப்பது இன்னும் குறுகலானது. மூத்த மகன், மூத்த மகள், ஜேஷ்ட மாதம் என்று மூன்று மூத்தது சேரக்கூடாது என்பார்கள். நம் கணக்கில் அது ஆனி மாதத்தையொட்டி வரும். அத்தை மனசு நோகாமல் இருக்க மாதத்தை மாற்றி வைத்தால் போதும். இரண்டு தலைச்சன்களின் குணம் மோதும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கல்யாணத்துக்கு முன் பேச வேண்டியது வேறு. இரண்டு பேருமே அவரவர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களா? தம்பி படிப்பு, தங்கை கல்யாணம் எத்தனை வருடம் பாக்கி? இதை நிச்சயத்துக்கு முன்பே உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிய ஜோடிகள் நன்றாக இருக்கிறார்கள்.

சரி டீச்சர், அப்ப எதை வச்சுத்தான் கோர்ஸ் முடிவு பண்றது?

பிள்ளையைப் பார்த்துத்தான். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறான், கையால் செய்வது பிடிக்கிறதா, எழுதுவது பிடிக்கிறதா, தினமும் எவ்வளவு தூரம் லோக்கலில் போய்வர முடியும், மூன்று வருடம் ஃபீஸ் கட்ட முடியுமா. வீட்டுச் சுமை உண்மையிலேயே இருந்தால் அதை ஒளிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருத்தர் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் அதை எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லி, யார், எத்தனை மாதம், பிறகு யார் என்று பேசுங்கள். "நீதானே மூத்தவன்" என்ற ஒரு வார்த்தையில் அந்தப் பேச்சை முடித்துவிடாதீர்கள்.

நான் மூத்தவன். அப்பா தவறினதும் ஒன்பதாவதோட நிறுத்திட்டு வேலைக்குப் போனேன். தம்பி இப்ப பி.எஸ்சி. எனக்கு 34 வயசு. இனிமே எனக்கு என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தம்பிக்குத் துணையாக வந்தவர். தம்பி வேலையெல்லாம் முடிந்து, அவன் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டார்.

இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் வயது வரம்பே கிடையாது. பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தடவை பரீட்சை. மகாராஷ்டிர போர்டிலேயே தனித் தேர்வராக எழுத 17ஆம் நம்பர் ஃபார்ம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே மும்பையில் இரவுப் பள்ளிகள் பல காலமாக நடக்கின்றன. பன்னிரண்டு முடித்த பிறகு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, நாசிக்கில் உள்ள யஷ்வந்த்ராவ் சவான் பல்கலைக்கழகமோ சேரலாம்.

அவர் ஃபார்ம் வாங்கிவிட்டார். வியாழனும் ஞாயிறும் ராத்திரி ஒன்பதரைக்குக் கடை மூடியதும் தம்பி அவருக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கிறான். போன வாரம் சந்தேகம் கேட்க வந்தது தம்பிதான், அண்ணன் கேட்ட ஒரு கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியவில்லையாம். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், எட்டாவதோ ஒன்பதாவதோ படித்த சர்டிஃபிகேட், ஆதார், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். சர்டிஃபிகேட் தொலைந்துபோயிருந்தாலும் வரட்டும், படித்த பள்ளியில் நகல் கேட்டு எழுதும் மனுவை நாங்களே எழுதித் தருகிறோம்.